நாலு அங்குலத்துக்குள் சிவகுரு மாஸ்டர்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் பிளேன்டீயைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, கஜன் என் போனுக்கு ஒரு பக்கத்தை அனுப்பினான். அவனுடைய தாய் பரமேஸ்வரி காலமாகி மூன்று கிழமை. முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு மலரின் முதற்பக்கம் அது. யாழ்ப்பாணத்து ஆட்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள். நான் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பக்கம் கட்டி ஓய்வு பெற்றவள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரியான என் கையால் எத்தனை தேவாரம், எத்தனை கல்வெட்டுப் போயிருக்கும் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அந்த எண்ணத்தில்தான் கஜன், "ஸ்டெல்லா அன்ரி, எழுத்துப் பிழை இருக்கோ எண்டு ஒருக்கால் பாருங்கோ" என்று கேட்டிருந்தான்.

எழுத்தில் பிழை இல்லை. பிழை முகத்தில் இருந்தது. பரமேஸ் அக்காவின் கன்னங்கள் இரண்டு பக்கமும் ஓடியிருந்தன. தோள், கதவை அடைக்கிற அகலத்துக்கு வந்துவிட்டது. நெற்றியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா கடைசி வரை வைத்தது கடையில் பக்கற்றில் விற்கிற சின்னக் கறுப்பு ஒட்டுப் பொட்டு. அது தொழிற்சாலையில் வட்டமாக வெட்டி வருகிற சாமான். இந்தப் படத்தில் அது படுத்துக் கிடந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே போன் எடுத்தேன்.

"தம்பி, அம்மாவின்ர படத்தை என்ன செய்தனீ?"

"ஒண்டும் செய்யேல்லை அன்ரி. கட்டம் அகலமா இருந்தது. ரெண்டு பக்கமும் வெள்ளை தெரிஞ்சுது. பிடிச்சுக் கொஞ்சம் இழுத்து விட்டனான்."

"அம்மாவை இழுத்தனீ."

"படத்தைத்தான் அன்ரி இழுத்தனான்."

"படத்தில ஆர் இருக்கிறது?"

அவன் சிரித்தான். வெள்ளவத்தையில் ஒரு கம்பனியில் கணக்காய்வு செய்கிற பிள்ளை, மரியாதையான பிள்ளை. ஆனால் அடுத்ததாக ஒரு கேள்வி கேட்டான். "இதை ஆர் அன்ரி பார்க்கப் போகினம்?"

தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டேன். இந்தக் கேள்வியை வேறு எவன் கேட்டிருந்தாலும் நாலு ஏச்சோடு விட்டிருப்பேன். இவன் கேட்கக் கூடாது. இவனுடைய தகப்பனின் கல்வெட்டை அடித்தபோது இதே கேள்வியை என் முதலாளி கேட்டார். அதற்கு நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அது நடந்தபோது கஜனுக்கு நாலு வயது.

என் முதலாளி தர்மலிங்கம் ஐயா. நான் பள்ளிக்கூடம் முடித்து, தட்டச்சுப் படித்து, எழுத்தையும் படத்தையும் பக்கத்தில் ஒட்டுகிற ஒட்டுவேலை ஆறு மாதம் பழகி அவரிடம் சேர்ந்தேன். வெள்ளைச் சேட், சேட் பையில் ஆறங்குல இரும்பு அடிமட்டம். அந்த அடிமட்டத்தால் அவர் எதையும் அளந்து நான் கண்டதில்லை. கடித உறை கிழிப்பார், முதுகு சொறிவார், ஆட்களைச் சுட்டிக் காட்டுவார். சத்தம் போடுகிற மனிதன் இல்லை. சந்தோஷமாக இருந்தால் நான் "பிள்ளை". கோபம் வந்தால் "மிஸ் ஸ்டெல்லா". அந்த "மிஸ்" வந்தால் மெசின் அறையில் இருப்பவர்கள் கூடக் குனிந்துகொள்வார்கள்.

கம்பியூட்டர் வருவதற்கு முன்னால் படத்தை அளவெடுக்கிறது ஒரு தனி வேலை. இப்போது பிள்ளைகளுக்குச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன். படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பர் ஒட்ட வேண்டும். படத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதவே கூடாது, அமுங்கி முகத்தில் தெரியும். பேப்பரின் மேல் மென்மையான பென்சிலால், கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்குக் குறுக்காக ஒரு கோடு. பக்கத்தில் உள்ள இடம் மூன்று அங்குல அகலம் என்றால், அடியில் மூன்று அங்குலம் அளந்து நேரே மேலே போக வேண்டும். குறுக்குக் கோட்டை எங்கே தொடுகிறதோ அதுதான் உயரம். நாங்கள் நினைக்கிற உயரம் இல்லை, படம் தருகிற உயரம். அது இடத்துக்கு மிஞ்சினால் படத்தின் ஓரத்தில் எதை வெட்டலாம் என்று பார்க்க வேண்டும். சுவரை வெட்டலாம், வானத்தை வெட்டலாம், கதிரைக் காலை வெட்டலாம். பிறகு நூற்றுக்கு எத்தனை வீதம் என்று ஓரத்தில் எழுதிக் கமராக்காரரிடம் கொடுத்தால், அவர் அந்த வீதத்துக்குப் பிலிம் எடுப்பார். அகலத்துக்கு ஒரு வீதம், உயரத்துக்கு ஒரு வீதம் என்று கேட்டால் அவர் என்னை விசரி என்றிருப்பார். அந்தக் கமராவுக்கு ஒரு மனிதனை நசிக்கத் தெரியாது.

கம்பியூட்டருக்குத் தெரியும். அதுதான் வில்லங்கம்.

அது வந்தபோது ஐயா அதற்கு ஒரு குளிர் அறை கட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பின்னேரம் வேலை முடிந்ததும் பூப்போட்ட துணியால் மூடிவிட வேண்டும். படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் பெரிதாகிறது, பக்கத்தைப் பிடித்து இழுத்தால் அகலமாகிறது என்று கண்ட அன்றைக்கு அச்சகம் முழுக்க அந்த அறைக்குள் வந்து நின்று பார்த்தது. ஐயாவுக்குச் சொல்லி முடியாத சந்தோஷம். அதற்குப் பிறகு அவர் வாயில் ஒரே மந்திரம்தான்: "கொஞ்சம் இழுத்து விடு பிள்ளை."

முகத்துவாரத்து உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் மலரில் அணிப் படத்தை இழுத்து விட்டோம். பதினொரு பேரும் குண்டானார்கள், அதை ஒருவரும் கவனிக்கவில்லை. கப்டனின் காலடியில் இருந்த பந்து கோழி முட்டை ஆனதைத்தான் முகத்துவாரம் முழுக்கக் கண்டுபிடித்துச் சிரித்தது. அன்றைக்கு நான் ஒரு பழக்கம் பிடித்தேன். எந்தப் படம் வந்தாலும் முதலில் அதில் வட்டமான சாமான் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். மணிக்கூடு, சைக்கிள் சில்லு, பொட்டு. வட்டம் வட்டமாக இருந்தால் ஆளும் ஆளாக இருக்கிறார்.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் இருந்தது, அதை நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன். கல்வெட்டில் தேவாரம், திருவாசகம், நன்றி நவிலல் எல்லாம் ஒருவருக்குப் போட்டதுதான் மற்றவருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட மாட்டோம். கடைசியாகச் செய்தவரின் பைலைத் திறந்து, பெயரை மாற்றி, திகதியை மாற்றி, அவருடைய படத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் இவருடைய படத்தை வைப்போம். முந்தினவரை எழுப்பிவிட்டுப் பிந்தினவரை இருத்துவது என்று நாங்கள் பகிடியாகச் சொல்வோம். கொழும்பில் கல்வெட்டு அடித்த இடமெல்லாம் இதுதான் வழக்கம்.

பரமேஸ் அக்கா அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஆசிரியை. அவருடைய கணவர் சிவகுரு மாஸ்டர் கணிதம் படிப்பித்தவர். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து காலமானார். முப்பத்தோராம் நாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது அக்கா தனியாக வந்து, கைப்பைக்குள் இருந்து கடதாசியில் சுற்றிய ஒரு படத்தை எடுத்தார். நல்ல சதை பிடித்த, சிரிக்கிற முகம். இரண்டு பக்கமும் வெறும் சுவர். "இந்தப் படம்தான் வேணும், வேற படம் கேக்காதேங்கோ" என்றார். நான் காரணம் கேட்கவில்லை. முந்நூறு பிரதி என்று எழுதிக்கொண்டேன்.

அதற்கு முந்தின கல்வெட்டு ஒரு நெடுவலான மனிதருடையது. அவருக்குப் போட்ட கட்டம் நாலு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். மாஸ்டருடைய படம் ஐந்துக்கு ஆறு. நான் பழைய பைலைத் திறந்து, படத்தை மாற்று என்றேன். பழைய அளவிலேயே வைக்கவா என்று மென்பொருள் கேட்டது. ஓம் என்று அமத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். ஐந்து அங்குல மனிதன் நாலு அங்குலத்துக்குள் போய்விட்டார். விகிதம் படிப்பித்த மனிதனை நான் விகிதம் இல்லாமல் செய்துவிட்டேன். படத்தில் வட்டமான சாமான் ஒன்றும் இல்லை, என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இரண்டு பக்கத்துச் சுவரிலும் அரை அரை அங்குலம் வெட்டியிருந்தால் போதும். இப்போதும் நினைத்தால் தலையில் அடிக்கத் தோன்றுகிறது.

அக்கா எடுக்க வருகிற அன்று காலை, கட்டி முடிந்த புத்தகங்களுக்குப் பக்கத்தில் அவருடைய படத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தேன். இரண்டும் அருகருகே கிடந்தபோதுதான் கண்டேன். அடிமட்டத்தை வைத்துக் காதிலிருந்து காதுக்கு அளந்தேன், நெற்றியிலிருந்து நாடிக்கு அளந்தேன். பிறகு இரண்டையும் தூக்கிக்கொண்டு ஐயாவின் மேசைக்குப் போனேன்.

அவர் இரண்டையும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் மெலிஞ்ச மாதிரிக் கிடக்கு. அவ்வளவுதானே."

"ஐஞ்சில ஒண்டு ஐயா."

"இதை ஆர் பிள்ளை பார்க்கப் போகினம்? செத்த வீட்டுக்கு ஆர் அடிமட்டம் கொண்டு வாறது?"

அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருப்பது போலவும் இருந்தது. பிழை விட்டவளுக்கு எந்த நியாயமும் இனிக்கும். நான் போய் என் இடத்தில் இருந்தேன்.

பத்து மணிக்கு அக்கா வந்தார். ஒரு பிரதியை எடுத்து முதற்பக்கத்தைத் திறந்தார். கத்தவில்லை, அழவும் இல்லை. புத்தகத்தை மூடினார். மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த முகத்தை உங்களுக்கு ஆர் தந்தது?"

ஐயா எழும்பினார். "அக்கா, நீங்கள் தந்த படம்தான்."

"நான் தந்தது இதில்லை. ரெண்டு மாசமா ஆஸ்பத்திரியில நான் பார்த்த முகம் இது. கன்னம் ஒட்டி, கண் உள்ளுக்குப் போய். இதை ஒருத்தரும் வீட்டை கொண்டு போகக் கூடாது எண்டுதான் அலுமாரி முழுக்கத் தேடி அந்தப் படத்தை எடுத்தனான். நீங்கள் ஆஸ்பத்திரி முகத்தைத் திருப்பித் தந்திருக்கிறீங்கள்."

"படம் பழசு அக்கா. பழைய படம் அச்சில வந்தால் கொஞ்சம் அப்பிடித்தான்..." என்று ஐயா இழுத்தார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "பிள்ளை, படம் அப்பிடியோ?"

ஐயா அடிமட்டத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்கு வீட்டில் கட்டிலோடு கிடக்கிற தகப்பன், வேறு வேலை இல்லை. ஆனால் அந்த மனிசி மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்திருந்த விதம், உள்ளே இருப்பவர் வெளியே வந்துவிடக் கூடாது என்று பிடித்திருப்பது மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"இல்லை அக்கா. படம் சரி. நான்தான் நசிச்சுப் போட்டன்" என்றேன்.

"மிஸ் ஸ்டெல்லா" என்றார் ஐயா. பிறகு கை மணிக்கூட்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, சேட் கையை மடித்துக்கொண்டு மெசின் அறைக்குப் போனார். முதலாளி தன் கையால் மெசின் ஓட்டியதை அன்றைக்குத்தான் கண்டேன். என் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அந்த மெசினில் காட்டினார். நான் சுவரை வெட்டித் திருத்திய பக்கம், முந்நூறு புதிய தாள்களாக மத்தியானத்துக்குள் வந்தது.

புத்தகத்தைப் பிரித்துத் திரும்பக் கட்ட நேரம் இல்லை. ஒரு வழிதான். பழைய முதல் தாளை, மடிப்பிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு வெட்டி எடுக்க வேண்டும். அந்த விரல் அகலத்தில் பசை பூசி, புதிய தாளை ஒட்டி, காயும் வரை அழுத்த வேண்டும். முந்நூறு தரம். நான் வெட்டினேன், மெசின்காரர்கள் பசை பூசினார்கள். அக்கா வீட்டுக்குப் போக மாட்டேன் என்று காகிதக் கட்டு ஒன்றின் மேல் இருந்து, ஒவ்வொரு தாளையும் தன் கையால் வைத்து அழுத்தினார். வைக்கும்போது ஒவ்வொரு முறையும் அந்த முகத்தைப் பார்த்தார். ஒரு தரமும் பார்க்காமல் வைக்கவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு முடிந்தது. வெட்டி எறிந்த தாள்கள் நிலத்தில் குவிந்து கிடந்தன. எங்கள் கழிவுக் காகிதம் எல்லாம் சந்தியில் உள்ள பலசரக்குக் கடைக்குப் போகும், அங்கே அதில் சாமான் போட்டுச் சரை சுற்றுவார்கள். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது.

"அதை எறியாதேங்கோ. நான் கொண்டு போறன். அவரில ஒருத்தரும் மிளகாய்த்தூள் சுத்தக் கூடாது."

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நானும் கூடப் பொறுக்கினேன். பைக்குள் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு தன் பள்ளிக்கூடத்து வேலையெல்லாம் எங்களிடம்தான் கொண்டு வந்தார். பிழை விட்டதை ஒப்புக்கொண்ட இடம் கொழும்பில் அது ஒன்றுதானாம். ஐயா அதைக் கேட்டு, தானே ஒப்புக்கொண்டது மாதிரித் தலையாட்டுவார். எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் புண்ணியத்தில் என் வேலையும் தப்பியது.

இப்போது சொல்லுங்கள், "ஆர் பார்க்கப் போகினம்" என்று அந்த மனிசியின் மகன் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

"ஒண்டையும் அச்சுக்குக் குடுக்காதை, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினேன். "அம்மே, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில், முன்னுக்குப் போகச் சொல்லி, கொண்டக்டர் என்னை உள்ளுக்குள் தள்ளிக்கொண்டே வந்தான். முழங்கால் வலி, வெயில், கோபம். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நாலாம் மாடி ஏறினேன். கஜன் கம்பியூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தான். இழுத்த படத்தை நீக்கச் சொன்னேன். முதற் படத்தை வை, மூலையைப் பிடி, பக்கத்தைத் தொடாதே, மேலே சீலிங் தெரிகிறதே அதை வெட்டு. இரண்டு நிமிட வேலை. திரையில் அடிமட்டத்தை வைத்துப் பொட்டை அளந்தேன். குறுக்கே ஏழு மில்லிமீற்றர், நெடுக்கே ஏழு. பரமேஸ் அக்கா வந்துவிட்டார்.

"வித்தியாசம் தெரியுதோ?" என்று கேட்டேன்.

"ஓம் அன்ரி" என்றான். கொஞ்சம் வெட்கப்பட்டான்.

"இரண்டாம் தாளுக்கு அப்பாவின்ர படம் எடு."

அவன் எழும்பிப் போய் ஒரு பொதியைக் கொண்டு வந்தான். பத்திரிகைத் தாளில் சுற்றிச் சணல் நூலால் கட்டிய பொதி, ஒரு பக்கம் கிழிந்து உள்ளே இருந்த தாள்களின் ஓரம் தெரிந்தது. "இதைத்தான் அன்ரி உங்களிட்டக் கேக்க இருந்தனான். அம்மாவின்ர அலுமாரியில, சீலைகளுக்குக் கீழ கிடந்தது. ஏன் அப்பாவின்ர படம் இவ்வளவு?"

நான் பிரிக்காமலே அறிந்துகொண்டேன். என் கத்தி வெட்டிய ஓரம். முந்நூறு தாள். எரிக்கவும் இல்லை, எறியவும் இல்லை. ஒருவருக்கும் காட்டவும் இல்லை. நடந்ததை எல்லாம் அவனுக்குச் சொன்னேன், ஐயா சொன்னதையும், நான் வாயைப் பொத்தியிருந்ததையும். நான் விட்ட பிழை இதுதான் தம்பி, பார், எப்படி நசிந்து கிடக்கிறார் என்று ஒரு தாளை நீட்டினேன்.

கஜன் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தான்.

"அன்ரி, எனக்குத் தெரிஞ்ச அப்பா இவர்தான்" என்றான்.

எனக்கு விளங்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமையில அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவா. கட்டில்ல ஏத்தி விடுவா. அவர் என்ர விரலைப் பிடிச்சு எண்ணப் பழக்கினவர். எனக்கு ஞாபகம் இருக்கிறது அது மட்டும்தான். மற்றவர் சுவரில படமாத் தொங்கின ஆள் அன்ரி. நான் அவரைக் கண்டதில்லை."

கடவுளே. இத்தனை வருடம் நினைத்து நினைத்து வெட்கப்பட்ட பிழை. அது ஒரு பிள்ளைக்குத் தகப்பனின் முகமாம். யாரில் கோபிப்பது என்று தெரியாமல் எனக்குக் கண் கலங்கியது.

"இரண்டாம் தாளில இதைப் போடுவமோ?" என்று கேட்டான்.

"ஏலாது" என்றேன். "உன்ர அம்மா இதை ஒருத்தரும் காணக் கூடாதெண்டு நிலத்தில இருந்து பொறுக்கினவ. வாறவைக்கு அவ விரும்பின முகம்தான். அடிக்கிற நூற்றைம்பது பிரதியிலயும்."

அவன் சரி என்று தலையாட்டினான்.

முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள், அச்சான கட்டு வீட்டுக்கு வந்ததும் நான் திரும்ப வெள்ளவத்தைக்குப் போனேன். ஒரு பிரதியை மட்டும் எடுத்தேன். சுவரில் தொங்கிய ஆளின் தாளை, மடிப்பிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு வெட்டினேன். பசை பூசினேன். பொதியில் இருந்து பழைய தாள் ஒன்றை எடுத்து, ஓரம் சரி பார்த்து ஒட்டி, காயும் வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தேன்.

கஜன் அந்தப் பிரதியைத் திறந்தான். தாயைப் பார்த்தான். தாளைத் திருப்பித் தகப்பனைப் பார்த்தான்.

"இப்ப ரெண்டு பேரும் சரியா இருக்கினம் அன்ரி" என்றான்.

ஒருவர் ஐந்தில் ஒரு பங்கு நசிந்துதான் கிடந்தார். நான் அடிமட்டத்தைக் கைப்பைக்குள் போட்டு மூடினேன்.